பங்குச் சந்தை: தனியாளும் வல்லுநரும்

கடல் கடந்து சென்றேனும் செல்வம் ஈட்ட வேண்டும் என்று நம் முன்னோர்க்கு அறிவுறுத்தியவர் ஔவையார். அவ்வறிவுரையை ஏட்டளவில் நிறுத்தாமல் வாழ்ந்து காட்டியவர்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாழ்ந்த மரைக்காயர்கள். சரக்கைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, நிறுத்துப் பார்த்து வாங்கிய வணிகர் மரபு அது. இன்றைய பங்கு வணிகத்திலோ சரக்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. விற்பவர் முகமும் தெரிவதில்லை. கைப்பேசியின் திரையில் ஓடும் எண்களே சரக்காகவும் சந்தையாகவும் ஆகிவிட்டன.

மூவரை நம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். ஒருவர் மயிலாப்பூரில் ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர். மற்றொருவர் தியாகராய நகர் ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் பணிபுரியும் இளைஞர். மூன்றாமவர் அடையாற்றில் அறை எடுத்துத் தங்கி, கணிப்பொறி நிறுவனமொன்றில் வேலைக்குச் செல்லும் புதிய பட்டதாரி. முப்பது ஆண்டுகளுக்கு முன் இம்மூவருள் ஆசிரியர் ஒருவரே பங்குச் சந்தையைப் பற்றி நாளிதழில் படித்திருக்கக்கூடும். இன்று மூவர் கையிலும் அச்சந்தை இருக்கிறது. நாடு முழுவதும் 2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டிமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைக் கடந்தன. 2025இல் 20 கோடியையும் தாண்டின. ஒருவரே பல கணக்குகள் வைத்திருப்பதுண்டு எனினும், இப்பெருக்கம் வியப்புக்குரியதே.

இம்மூவரும் சந்தையில் நுழையும்போது எதிரே நிற்பவர் யார்? பெருமுதலும் பேரறிவும் மின்னல் வேகக் கணிப்பொறிகளும் கொண்ட தொழில்முறை வல்லுநர். அவரோடு தனியாள் ஒருவர் போட்டியிட்டு வெல்ல இயலுமா? விரைவில் அவரை வெல்ல இயலாது. பொறுமையில் அவரையும் விஞ்ச இயலும். இவ்வொரு கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை கண்ட பாடங்கள்

பிறர் கையில் பணத்தை ஒப்படைத்து ஏமாறிய கதை சென்னைக்குப் புதிதன்று. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்னும் புகழ்பெற்ற ஆங்கில நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அரசு அலுவலர், கைம்பெண்டிர், ஓய்வு பெற்றோர் எனப் பலதரப்பட்ட மக்கள் தம் சேமிப்பை அங்கே இட்டுவைத்திருந்தனர். அந்நிறுவனத்தின் இலண்டன் கூட்டாளி ஊக வணிகத்தில் பெரும்பணத்தை இழந்ததே வீழ்ச்சிக்குத் தலையாய காரணம். வல்லுநர் எனப்பட்டவரே சூதாடித் தோற்க, அதன் சுமை அவரை நம்பியோர் தலையில் விழுந்தது. நிறுவனத் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் தண்டனை பெற்றார். அந்த இடிபாட்டிலிருந்து நன்மை ஒன்றும் விளைந்தது. மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

பங்கு வணிகத்திற்கென அமைந்த சென்னைப் பங்குச் சந்தை 1937இல் நிலைபெற்றது. தரகர்கள் நேரில் கூடிக் கூவி விலை பேசிய காலம் அது. 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் புதிய பங்கு வெளியீடுகளுக்கான விண்ணப்பப் படிவங்கள் நகரின் நடைபாதைகளில் குவிந்து கிடந்தன. 1992 ஏப்ரலில் மும்பைச் சந்தையின் குறியீட்டெண் 4,467 வரை உயர்ந்தது. ஹர்ஷத் மேத்தா என்னும் தரகர் வங்கிப் பணத்தைத் தவறான வழியில் சந்தைக்குள் திருப்பிவிட்டமை அம்மாதமே வெளிப்பட, சந்தை சரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பொதுமக்களிடம் பணம் திரட்டிய நிறுவனங்களுள் 200க்கும் மேற்பட்டவை இருந்த இடம் தெரியாமல் மறைந்தன. ‘மறைந்துபோன நிறுவனங்கள்’ என்றே அரசு அவற்றைப் பட்டியலிட நேர்ந்தது.

இவற்றின் விளைவாகச் சீர்திருத்தங்கள் வந்தன. 1992இல் செபி என்னும் கண்காணிப்பு வாரியம் சட்டப்படியான அதிகாரம் பெற்றது. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணிப்பொறி வழியாக வணிகத்தைத் தொடங்கியது. 1996இல் காகிதப் பத்திரத்தின் இடத்தை டிமேட் கணக்கு பிடிக்கத் தொடங்கியது. கூவி விற்கும் கூடம் தேவையற்றுப்போயிற்று. 2015 மே மாதத்தில் சென்னைப் பங்குச் சந்தை முறைப்படி விலகிக்கொண்டது. போலிப் பத்திரமும் தரகர் சொல்லும் மாய விலையும் மறைந்தன என்பது பெருநன்மை. ஆனால் சந்தைக்குச் செல்லும் வழி எளிதானதால், அங்கே நிலைத்து நிற்பதும் எளிதாகிவிட்டதெனப் பலர் மயங்கினர்.

முதலீடும் பந்தயமும்

பங்கு என்பது யாது? ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு கூறு. அதை வாங்கியவர் அந்நிறுவனத்தின் கூட்டாளி ஆகிறார். இலாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்கிறார். ஒருவர் முதலிட மற்றொருவர் உழைக்கும் முளாரபா முறையும், பலர் கூடி முதலிடும் முஷாரகா முறையும் இசுலாமிய வணிக மரபில் நெடுங்காலமாக வழங்குபவை. வட்டியை விலக்கி வணிகத்தை அனுமதித்த மார்க்கம், நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும் கூட்டு வணிகத்திற்கு இடமளித்தது. பங்குடைமை இக்கூட்டு வணிகத்தை ஒத்தது என்பதாலேயே, ஆகுமான தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கை வாங்கலாம் என்று ஜித்தாவில் 1992இல் கூடிய பன்னாட்டு இசுலாமிய ஃபிக்ஹ் அவை தீர்மானித்தது. அதே கூட்டத்தில் அவ்வவை, உலகச் சந்தைகளில் நடைபெறும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் ஆகுமானவை அல்ல என்றும் அறிவித்தது. இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் முதலீட்டுக்கும் பந்தயத்துக்கும் உள்ள வேறுபாடு புலப்படும்.

ஆப்ஷன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தியாகராய நகரில் 80 இலட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு வீடு இருக்கிறது. ஒரு மாதத்திற்குள் அதே விலைக்கு அதை வாங்கும் உரிமைக்காக உரிமையாளரிடம் 10,000 ரூபாய் கொடுக்கிறோம். மாத இறுதிக்குள் வீட்டின் விலை ஏறினால் நமக்கு இலாபம். ஏறாவிட்டால் அந்தப் பத்தாயிரம் திரும்பாது. வீட்டிலாவது குடியேறும் எண்ணம் நமக்கு இருக்கக்கூடும். பங்குக் குறியீட்டின் மீதான ஆப்ஷனில் குடியேற வீடு இல்லை. கையில் பெறப் பங்கும் இல்லை. எண் ஏறுமா இறங்குமா என்பதே பேரம். அதன் ஆயுளும் பல வேளைகளில் ஒரு வாரமே.

இதில் மறைந்துள்ள உண்மை ஒன்றுண்டு. பங்கை வாங்கி வைத்திருப்போர் அனைவரும், நிறுவனம் வளரும்போது ஒருசேர இலாபம் அடைய முடியும். ஆப்ஷன் பேரத்திலோ ஒருவர் பெறும் ரூபாய் மற்றொருவர் இழந்த ரூபாயே. தரகும் வரியும் கட்டணமும் கழிந்தபின், ஆடுவோர் எல்லாரும் சேர்ந்து போட்டதைவிடச் சேர்ந்து எடுப்பது குறைவு. விளைநிலத்துக்கும் பந்தயக் களத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வல்லுநரின் வலிமை

ரங்கநாதன் தெருவில் ஆண்டுக்கொருமுறை புடவை எடுக்க வரும் இல்லத்தரசி, நாள்தோறும் நூறு புடவை விற்கும் கடைக்காரரைவிடப் புடவை விலையை அறிந்தவர் அல்லர். ஆயினும் அவர் ஏமாறுவதில்லை. தமக்கு வேண்டிய புடவையை, தம்மால் இயன்ற விலைக்கு வாங்கிப் பல ஆண்டு உடுத்துகிறார். கடைக்காரரை வெல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவரே அக்கடையின் வாயிலில் அமர்ந்து, காலையில் வாங்கிய புடவையை மாலையில் அக்கடைக்காரரிடமே இலாபத்துக்கு விற்கப் புறப்பட்டால் என்னாகும்? நாள் வணிகத்தில் இறங்கும் தனியாளின் நிலை அதுவே.

வல்லுநரின் வலிமைகள் நான்கு. முதலாவது விரைவு. பெருநிறுவனங்கள் தம் கணிப்பொறிகளைப் பங்குச் சந்தையின் கணிப்பொறி நிலையத்திலேயே வாடகைக்கு வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நாம் திரையில் விலையைக் கண்டு விரலை அசைப்பதற்குள் அக்கணிப்பொறிகள் பலமுறை வாங்கி விற்றிருக்கும். இரண்டாவது தகவல். ஒரு நிறுவனத்தின் கணக்கை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட பலர் அங்கே பணிபுரிகின்றனர். மூன்றாவது முதல். பத்து முறை தோற்றாலும் பதினோராம் முறை ஆட அவரிடம் பணம் உண்டு. நான்காவது உணர்ச்சியின்மை. கணிப்பொறிக்கு அச்சமும் இல்லை, ஆசையும் இல்லை.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களால் மெய்ப்பித்தது. 2021-22 முதல் 2023-24 முடிய மூன்று நிதியாண்டுகளில் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனியாள்களுள் 93 விழுக்காட்டினர் நட்டம் அடைந்தனர். செலவுகளையும் சேர்த்துத் தலைக்குச் சராசரி நட்டம் ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செலவு போக ஓர் இலட்சத்துக்கு மேல் இலாபம் கண்டவர் நூற்றுக்கு ஒருவரே.

இழந்த பணம் எங்கே சென்றது? செலவுகளைக் கணக்கிடாமல் நோக்கினால், 2023-24இல் தம் சொந்தப் பணத்தில் வணிகம் செய்த தரகு நிறுவனங்கள் ஏறத்தாழ 33,000 கோடி ரூபாயும் அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 28,000 கோடி ரூபாயும் ஈட்டின. அதே ஆண்டில் தனியாள்களும் பிறரும் 61,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தனர். ஒரு பக்கத்து வரவும் மறுபக்கத்துச் செலவும் பொருந்தி நிற்பதைக் காண்க. அப்பெருநிறுவனங்களின் இலாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பகுதி, கணிப்பொறி நிரல் வழி நடந்த வணிகத்தால் வந்ததாகும்.

மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இன்னும் உண்டு. இவ்வணிகத்தில் ஈடுபடும் தனியாள்களுள் முப்பது வயதுக்குட்பட்டோர் 2022-23இல் 31 விழுக்காடாக இருந்தனர். அடுத்த ஆண்டிலேயே 43 விழுக்காடாகப் பெருகினர். ஈடுபட்டோருள் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 இலட்சத்துக்கும் குறைவு என அறிவித்தவர்கள். இழக்க இயலாதவரே மிகுதியும் இழந்தனர் என்பது இதன் பொருள்.

துணிக்கடை இளைஞர் கைப்பேசியில் ஆடுகிறார் என வைத்துக்கொள்வோம். வாங்க 20 ரூபாய், விற்க 20 ரூபாய் எனத் தரகு மட்டும் ஒரு சுற்றுக்கு 40 ரூபாய். நாளொன்றுக்குப் பத்துச் சுற்று என்றால் 400 ரூபாய். ஆண்டில் 250 வேலைநாளுக்கு ஓர் இலட்சம் ரூபாய். வரி தனி. அவர் வெற்றியும் தோல்வியும் சரிபாதியாகக் கண்டாலும், ஆண்டு முடிவில் ஓர் இலட்சம் அவர் கையை விட்டுப் போயிருக்கும்.

அங்காடி அறம்

வலியவனும் எளியவனும் ஒரே சந்தையில் நிற்கும்போது அறம் யாருக்குத் துணைநிற்க வேண்டும்? இவ்வினாவுக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை தரப்பட்டிருக்கிறது.

வெளியூரிலிருந்து சரக்கேற்றி வரும் வணிகக் கூட்டத்தை நகருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். காரணம் வெளிப்படை. நகரத்து வணிகனுக்கு அன்றைய விலை தெரியும். வழிநடந்து களைத்து வருபவனுக்குத் தெரியாது. அவ்வாறு விற்றுவிட்டவன் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அப்பேரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் அவனுக்கு வழங்கப்பட்டது. தகவலில் ஏற்றத்தாழ்வு இருக்குமிடத்தில் அறியாதவனைக் காக்கவேண்டும் என்னும் நெறி இது. நிறுவனத்தின் உள்செய்தியை அறிந்தவர் அது வெளியாகும் முன் பங்கு வாங்கக்கூடாது என இன்று செபி விதிப்பதும் இந்நெறியின்பாற்பட்டதே.

வாங்கும் எண்ணம் இல்லாமலே விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை மயக்குவது நஜ்ஷ் எனப்படும். அதுவும் நபிமொழியில் தடுக்கப்பட்டது. 2025 சூலை 3ஆம் நாள் செபி பிறப்பித்த இடைக்கால ஆணை ஒன்றை இங்கு நினைவுகூரலாம். ஜேன் ஸ்ட்ரீட் என்னும் அமெரிக்க நிறுவனக் குழுமம் காலையில் வங்கிப் பங்குகளை வாங்கிக் குறியீட்டை உயர்த்தி, பின் அவற்றை விற்றுத் தாழ்த்தி, இடையே ஆப்ஷன் பேரத்தில் பன்மடங்கு ஈட்டியதாகச் செபி குற்றஞ்சாட்டியது. 4,843 கோடி ரூபாயை முடக்க ஆணையிட்டது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடியது. எனவே முடிவு கூறுவது நம் வேலையன்று. ஆயினும் எத்தகைய களத்தில் துணிக்கடை இளைஞர் இறங்கியிருக்கிறார் என்பதை உணர இச்செய்தி போதும்.

தன்னிடம் இல்லாததை விற்கவேண்டாம் என ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குக் கூறப்பட்ட அறிவுரையும், வணிகத்தின் சட்டங்களை அறியாதவர் நம் சந்தையில் விற்கவேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாக வரும் செய்தியும் நம் சிந்தனைக்கு உரியவை. தமிழ் மரபும் இதற்கு மாறுபட்டதன்று. கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாமலும் வணிகம் செய்தனர் எனக் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள் போல் பேணுவதே வாணிகம் என்றார் வள்ளுவர். சூதுக்குத் தனி அதிகாரமே வகுத்து அதன் கேட்டை விளக்கினார்.

வல்லுநரும் தவறுவர்

இவ்வாறாயின் பணத்தை வல்லுநரிடமே ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாமா? அதுவும் ஆகாது. நம் மயிலாப்பூர் ஆசிரியரின் தலைமுறைக்கு யூனிட் டிரஸ்ட் நிறுவனத்தின் யு.எஸ். 64 திட்டம் நன்கு அறிமுகமானது. 1964இல் தொடங்கிய அத்திட்டத்தை அரசு வங்கிக்கு நிகராக மக்கள் நம்பினர். பங்குச் சந்தையில் அதன் முதலீடுகள் மதிப்பிழந்தும், திரும்பப் பெறும் விலை உயர்த்தியே வைக்கப்பட்டிருந்தது. 2001 சூலையில் பணத்தைத் திருப்பித் தருவது நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் திகைத்து நின்றனர். அரசு தலையிட்டே நிலைமையைச் சீராக்க வேண்டியிருந்தது.

2009 சனவரி 7ஆம் நாள் சத்யம் நிறுவனத் தலைவர் தம் கணக்குகள் பொய்யானவை என ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் அப்பங்கின் விலை நான்கில் மூன்று பங்குக்கும் மேல் சரிந்தது. அப்பங்கை வைத்திருந்தோரில் உலகின் பெரிய நிதி நிறுவனங்களும் அடக்கம். பெயர்பெற்ற தணிக்கையாளரும் அப்பொய்யைக் காணவில்லை.

வல்லுநருக்கு வேறொரு கட்டும் உண்டு. நிதி மேலாளர் மூன்று மாதத்திற்கொருமுறை தம் திறனைக் காட்டியாக வேண்டும். அண்டை நிறுவனம் ஈட்டிய அளவு தாம் ஈட்டவில்லையெனில் பணம் வெளியேறும். சந்தை வீழும்போது மக்கள் அஞ்சிப் பணத்தைத் திரும்பக் கேட்பர். நல்ல பங்கு எனத் தெரிந்தும் அவர் விற்க நேரும். இதன் காரணமாகவும் கட்டணச் சுமையாலும், பரஸ்பர நிதி மேலாளருள் பலர் நீண்டகால அளவில் சந்தையின் சராசரியையே எட்டுவதில்லை. இதனை உணர்ந்த ஜான் போகல் என்னும் அமெரிக்கர், பங்குகளைத் தேர்ந்தெடுக்காமல் குறியீட்டில் உள்ளவற்றை அப்படியே வாங்கி வைக்கும் குறைந்த கட்டண நிதியை 1976இல் பொதுமக்களுக்காகத் தொடங்கினார். இன்று இந்தியாவிலும் அத்தகைய குறியீட்டு நிதிகள் பல உள்ளன.

தனியாளின் வலிமை

வல்லுநருக்கு இல்லாத ஒன்று தனியாளிடம் உண்டு. அது காலம். அடையாற்றுப் பட்டதாரியிடம் மூன்று மாதத்திற்கொருமுறை கணக்குக் கேட்பார் எவருமில்லை. அவர் முப்பது ஆண்டு காத்திருக்க இயலும்.

2020 சனவரியில் 42,000ஐக் கடந்த மும்பைக் குறியீட்டெண், பெருந்தொற்றின் அச்சத்தால் மார்ச் 23ஆம் நாள் 26,000க்கும் கீழே வந்தது. 2021 சனவரியில் அது 50,000ஐத் தொட்டது. இடைப்பட்ட பத்து மாதத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்தவரே பெரிதும் பிழைத்தார். ஆனால் மகள் திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ உரிய பணத்தைச் சந்தையில் இட்டிருந்தவர், அவ்வீழ்ச்சியின் அடியிலேயே விற்க நேர்ந்தது. எனவே பொறுமை என்பது மன உறுதி மட்டுமன்று. எந்தப் பணத்தை இடுகிறோம் என்பதைப் பொறுத்தது. விரைவில் தேவைப்படும் பணத்தால் பொறுமை காக்க இயலாது.

மிகுதியாக வாங்கி விற்பதால் பயனில்லை என்பதை அயல்நாட்டு ஆய்வும் காட்டுகிறது. பார்பர், ஓடியன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை நோக்கினர். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு வளர்ந்த அக்காலத்தில், மிகுதியாக வாங்கி விற்றவர்கள் 11.4 விழுக்காடே கண்டனர்.

சிறுகச் சிறுக, மாதந்தோறும் இடப்படும் தனியாளின் பணம் இன்று சந்தையின் போக்கையே மாற்றியிருக்கிறது. 2008இல் அயல்நாட்டு நிறுவனங்கள் விற்று வெளியேறியபோது நம் சந்தை பாதிக்கும் மேல் சரிந்தது. 2024 அக்டோபரில் அவை ஏறத்தாழ 94,000 கோடி ரூபாய் அளவுக்கு விற்றன. சந்தை இறங்கிற்று, ஆனால் நொறுங்கவில்லை. இல்லங்களிலிருந்து மாதந்தோறும் வரும் பணத்தைக் கொண்டு உள்நாட்டு நிதிகள் வாங்கித் தாங்கின. 2025 மார்ச் இறுதியில், தேசியப் பங்குச் சந்தை நிறுவனங்களில் உள்நாட்டு நிறுவனங்களின் பங்குடைமை அயல்நாட்டாருடையதை விஞ்சியது. தனித்தனியே சிறியதான துளி, சேர்ந்தபோது வெள்ளமாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சென்னையில் 1946இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 சூனில் ஓர் இலட்சம் ரூபாயைத் தொட்டது. இதைச் சுட்டிக்காட்டிப் பலர் ஆசையூட்டுவர். ஆனால் முன்னே கூறிய, மறைந்துபோன நிறுவனங்களின் பங்குகளையும் ஒரு காலத்தில் மக்கள் இதே நம்பிக்கையோடுதான் வாங்கினர். ஒரே பங்கில் காத்திருப்பது பொறுமையன்று. பல தொழில்களில் பரந்து காத்திருப்பதே பொறுமை.

போலி வல்லுநர்

தனியாளையும் வல்லுநரையும் தவிர மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர் வல்லுநர் போல் வேடமிட்டவர். வட்டியை அஞ்சி விலகும் நம் மக்களின் பேணுதலே இவருக்கு மூலதனம் ஆகிறது. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், ஹலாலான முதலீடு எனக் கூறிப் பல்லாயிரக்கணக்கான மக்களிடம் பெரும்பணம் திரட்டியது. மாதந்தோறும் இலாபப் பங்கு தந்து நம்பிக்கையூட்டியது. 2019 சூனில் அது வீழ்ந்தபோது, இழந்தவருள் பெரும்பாலோர் முசுலிம் நடுத்தரக் குடும்பத்தினர். கைம்பெண்டிரும், அயல்நாட்டில் உழைத்துச் சேர்த்தோரும் அவர்களுள் அடங்குவர். தொப்பியும் தாடியும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் ஆகமாட்டா. மாதந்தோறும் குறையாத இலாபம் எனும் சொல்லே, வணிகத்தின் இயல்புக்கும் கூட்டு வணிகம் பற்றிய மார்க்க நெறிக்கும் மாறானது. வணிகம் என்றால் ஒரு மாதம் ஏறும். ஒரு மாதம் இறங்கும்.

இன்று இவ்வேடம் கைப்பேசிக் குழுக்களில் மலிந்துள்ளது. ‘நாளை இப்பங்கு ஏறும்’ எனக் கட்டணம் பெற்றுக் கூறுவோர் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அப்பதிவு எண்ணைச் செபியின் பட்டியலில் யாவரும் சரிபார்க்கலாம். பதிவு இல்லாதவர் சொல்லுக்குச் செவி கொடுக்கவே வேண்டாம்.

முடிவுரை

இனி நம் மூவரிடம் திரும்புவோம். மயிலாப்பூர் ஆசிரியர் தம் அன்றாடச் செலவுக்கும் மருத்துவத்துக்குமான பணத்தைச் சந்தைக்குக் கொண்டுவராதிருப்பது நன்று. மிகுதியுள்ளதில் ஒரு பகுதியே அங்குச் செல்லலாம். அடையாற்றுப் பட்டதாரி மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை, பரந்த நிதியொன்றில், குறைந்த கட்டணத்தில், நெடுங்காலம் இட்டுவரலாம். மார்க்கப் பேணுதல் உடையோர்க்கு, வட்டி வங்கி, மது, சூது முதலிய தொழில்களையும் கடன் மிகுந்த நிறுவனங்களையும் விலக்கித் தொகுத்த ஷரீஅத் குறியீடுகளும் அவற்றை ஒட்டிய நிதிகளும் நம் நாட்டிலேயே உள்ளன. அவற்றின் அளவுகோல்கள் சிறிதளவு வேறுபடுவதால், தத்தம் ஆலிம்களைக் கலந்துகொள்வது நலம்.

துணிக்கடை இளைஞருக்குக் கூறுவது வேறு. தம்பி, நீ தோற்றது உன் அறிவுக் குறைவால் அன்று. 2024 நவம்பரில் செபி விதிகளை இறுக்கிய பின்னரும், 2024-25இல் இக்களத்தில் நின்ற தனியாள்களுள் 91 விழுக்காட்டினர் தோற்றனர். அவர்களின் நிகர நட்டம் 1.05 இலட்சம் கோடி ரூபாயையும் கடந்தது. நீ நின்ற களமே உனக்கானதன்று. இழந்ததை அங்கேயே மீட்கக் கடன் வாங்காதே. இழந்ததை வீட்டாரிடம் மறைக்கவும் செய்யாதே.

பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள். நட்டமடைந்த பிள்ளை அச்சத்தால் வாய் திறவாமல் மேலும் மேலும் கடனில் ஆழ்கிறான். அவன் வந்து சொல்லும்படியான சூழலை இல்லத்திலும் மஹல்லாவிலும் உண்டாக்குவது நம் கடமை. பங்குச் சந்தையை முற்றும் விலக்கி ஓடுவதும் அறியாமை. அறியாமல் அதனுள் பாய்வதும் அறியாமை. கல்லூரிகளில் மாணவர்க்கு இது பற்றிய அடிப்படை அறிவை ஆசிரியர்கள் ஊட்டினால், சந்தை விலை அறியாமல் ஊர் எல்லையில் சரக்கை விற்றுவிட்டுக் கைபிசைந்து நிற்கும் வழிப்போக்கராக நம் இளைஞர் ஆகமாட்டார்.

வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையும் இழக்கும் வினையில் அறிவுடையார் இறங்கார் என்பது வள்ளுவர் வாக்கின் கருத்து. நம் மூவரும், அவர்களைப் போன்ற கோடிக்கணக்கானோரும் தம் உழைப்பின் பயனை இழவாமல் காத்துக்கொள்ள எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.